ஒரு வாசகம், பல கொடிகள்: அரசமைப்பைத் திருத்த இயக்கங்கள் எப்படிச் சேர்கின்றன?

வள்ளுவர் கோட்டமோ எழும்பூர் ராஜரத்தினம் மைதானமோ, சென்னையில் எங்கே ஆர்ப்பாட்டம் நடந்தாலும் மூன்றாவது பேச்சாளர் ஒலிபெருக்கியைப் பிடிப்பதற்குள் அந்த வரி வந்துவிடும்: "அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும்!" கைதட்டல் எழும். மாலையில் தொலைக்காட்சி விவாதத்தில் அதே வரி வேறு வாய்களில் சுற்றிவரும். எந்தப் பிரிவைத் திருத்துவது, யார் திருத்துவது, அதற்கு எத்தனை வாக்குகள் வேண்டும், அந்த வாக்குகளுக்காக யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்ற கேள்விகளை மட்டும் யாரும் தொடுவதில்லை.

இப்படிப் பொதுவாகவே பேசிப் பேசி இரண்டு தவறான எண்ணங்கள் ஊன்றிவிட்டன. பெருங்கூட்டம் சேர்ந்தால் அரசமைப்பு தானாக மாறிவிடும் என்பது ஒன்று. பல இயக்கங்கள் சேர வேண்டுமானால் எல்லோரும் முதலில் ஒரே கொள்கைக்கு வந்தாக வேண்டும் என்பது இன்னொன்று. இவற்றில் இரண்டாவதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது என்பது என் கருத்து. அதை நம்பியே நல்ல நல்ல கூட்டுகள் முதல் ஆலோசனைக் கூட்டத்திலேயே உடைந்துபோகின்றன.

## மெரினாவில் மாறியது எந்தச் சட்டம்?

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட கூட்டத்தை இந்த ஊர் மறக்காது. அந்த இளைஞர்கள் அரசமைப்பையே மாற்றவைத்தார்கள் என்று இன்றும் சிலர் சொல்வதைக் கேட்கலாம். பெருமை நியாயமானது, தகவல் சரியில்லை. அப்போது மாறியது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். நாடாளுமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டம் அது. தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தும்படி நம் சட்டப்பேரவை அதில் ஒரு திருத்தம் செய்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. அரசமைப்புச் சட்டத்தில் ஒரு காற்புள்ளிகூட நகரவில்லை.

சாதாரணச் சட்டம் அரசு நமக்குப் போடும் விதி. அரசமைப்புச் சட்டம் அந்த அரசே அடங்கி நடக்க வேண்டிய விதி. எதைப் பற்றி யார் சட்டம் போடலாம், எந்த உரிமையில் அரசு கைவைக்கக் கூடாது, மாநிலத்துக்கு எது, ஒன்றியத்துக்கு எது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதன் வாசகத்தில் ஒன்றைச் சேர்ப்பதோ நீக்குவதோ மாற்றுவதோதான் அரசமைப்புத் திருத்தம். 1951 முதல் 2023 வரை 106 திருத்தங்கள் வந்துவிட்டன. அவற்றில் பலவும் அரசாங்கங்கள் தங்கள் தேவைக்காகச் செய்துகொண்டவை. கீழிருந்து இயக்கங்கள் தள்ளி நிறைவேறியவை குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் குறைவானவற்றைப் பற்றியது.

## அறுபது வீடுகளும் ஒரு துணைவிதியும்

வேளச்சேரிப் பக்கம் 60 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மாதப் பராமரிப்புத் தொகைக்கு மேல் யாரிடமும் எதையும் வசூலிக்கக் கூடாது என்று அந்தச் சங்கத்தின் துணைவிதி சொல்கிறது. துணைவிதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள், அதாவது 40 பேர் கையெழுத்திட வேண்டும்.

தரைத்தளத்தில் மழைக்காலம் வந்தால் கூடத்துக்குள் தண்ணீர் புகுகிறது. அவர்களுக்கு நீரிறைக்கும் பழைய மோட்டாரைச் சரிசெய்ய வேண்டும். மேல்தளத்தில் மொட்டைமாடி ஒழுகுகிறது. முதியவர்களுக்கு அடிக்கடி நின்றுபோகும் லிஃப்ட் பெரிய தொல்லை. இளம் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு விளையாட ஓர் இடம் கேட்கிறார்கள். எந்தக் குழுவிலும் 15 வீடுகளுக்கு மேல் இல்லை. தரைத்தளத்துக்காரர்கள் மோட்டார், மோட்டார் என்று எத்தனை பொதுக்குழுவில் கத்தினாலும் அந்தப் 15 கையெழுத்தைத் தாண்டாது.

அப்போது ஒருவர் இப்படி எழுதிக்கொண்டு வருகிறார்: "பொதுக்குழுவின் ஒப்புதலுடன் பழுதுபார்ப்புக்காகச் சிறப்பு நிதி திரட்டலாம்." இதில் மோட்டாரும் இல்லை, லிஃப்டும் இல்லை, மொட்டைமாடியும் இல்லை. ஆனால் மூன்று குழுக்களுக்கும் இந்த ஒரு வரி வழிவிடுகிறது. மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் கார் நிறுத்தும் இடத்துக்காகக் காவல் நிலையம் வரை போனவர்களாக இருக்கலாம். இந்த வரியில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள்.

விளையாட்டு இடம் கேட்டவர்களுக்கோ இதில் ஒன்றும் இல்லை. அவர்களையும் சேர்க்க வேண்டுமானால் 'பழுதுபார்ப்பு' என்பதை 'மேம்பாடு' என்று விரிக்க வேண்டும். விரித்தால் செலவுக்கு அஞ்சும் ஓய்வூதியக்காரர்கள் விலகிக்கொள்வார்கள். யாரைச் சேர்ப்பதற்கு யாரை இழப்பது என்ற கணக்கு ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் வாக்கே கிடையாது; செலவு மட்டும் அடுத்த ஆண்டு வாடகை உயர்வாக அவர்கள் தலையில் இறங்கும்.

சமூக இயக்கங்களின் கூட்டும் இந்த வகைதான். தனித்தனி நோக்கமும் தனித்தனி அமைப்பும் உள்ள இயக்கங்கள் ஒரு குறிப்பிட்ட மாற்றத்துக்காக மட்டும் சேர்ந்து வேலை செய்வதைக் கூட்டியக்கம் என்போம். அவர்கள் எல்லோரும் கையெழுத்திடக்கூடிய அந்த ஒரு வாசகம்தான் குறைந்தபட்சப் பொதுக் கோரிக்கை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கூட்டியக்கத்துக்குக் கொள்கை ஒற்றுமை தேவையில்லை, வாசக ஒற்றுமை போதும். ஆனால் அந்த வாசகத்தின் ஒவ்வொரு சொல்லும் சிலரை உள்ளே கொண்டுவரும், சிலரை வெளியே நிறுத்தும்.

## 362 என்ற எண்

குடியிருப்பு உவமை இங்கே நின்றுவிடுகிறது. அங்கே பாதிக்கப்பட்டவர்களே வாக்களிக்கிறார்கள். இந்தியாவில் அரசமைப்புத் திருத்தத்துக்கு மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முறை இல்லை.

வழியைச் சொல்வது பிரிவு 368. மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் தனித்தனியாக மசோதா நிறைவேற வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். இதற்குச் சிறப்புப் பெரும்பான்மை என்று பெயர். மக்களவையின் 543 பேரும் வந்து வாக்களித்தால் 362 பேர் தேவை. தமிழ்நாட்டின் 39 பேரும் கட்சிப் பகையை மறந்து ஒரே பக்கம் எழுந்து நின்றாலும் இன்னும் 323 பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் திருத்தமானால் குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டப்பேரவைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று 28 மாநிலங்கள், ஆக 14. ஒரு சட்டப்பேரவை 'திருத்துங்கள்' என்று தீர்மானம் போட்டு அனுப்பலாம், அதற்கு மேல் தானாகத் தொடங்க முடியாது. எல்லாம் முடிந்த பிறகும் நீதிமன்றம் இருக்கிறது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வு, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அரசமைப்பின் சில அடித்தளக் கூறுகளை நாடாளுமன்றத்தாலும் அழிக்க முடியாது என்றது. அந்தக் கூறுகளைத்தான் அடிப்படைக் கட்டமைப்பு என்கிறோம்.

இந்த வழியை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டால், எந்த இயக்கமும் தனியாக இதைக் கடக்க முடியாது என்பது புரிந்துவிடும். தெருவில் ஆள் சேர்க்கத் தெரிந்தவருக்குக் கட்சித் தலைமையின் வாசலில் மதிப்பிருக்காது. கட்சிக்குள் பேசக்கூடியவருக்குப் பாட்னாவிலோ போபாலிலோ யாரையும் தெரியாது. வழக்கறிஞருக்கு இவை எதுவும் வராது. கூட்டு என்பது நல்லெண்ணத்தால் வருவதைவிட இந்தப் பற்றாக்குறையால் வருவதே அதிகம்.

## 1951: இங்கிருந்து புறப்பட்ட திருத்தம்

முதல் அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின்னணியாக இருந்த வழக்குகளில் இரண்டு சென்னை மாகாணத்திலிருந்து போனவை. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கதை இது.

அன்று கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி நிரப்பப்பட்டன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரி இடம் பற்றி செண்பகம் துரைராஜனும் பொறியியல் கல்லூரி இடம் பற்றி சீனிவாசனும் வழக்குத் தொடுத்தார்கள். 1950-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லாது என்றன. அரசு வேலையில் இடஒதுக்கீடு தர பிரிவு 16(4) இருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு அப்படி ஒரு வாசகம் இல்லை. சாதி, மதம் போன்றவற்றை மட்டும் காரணமாகக் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று பிரிவு 29(2) தெளிவாகச் சொன்னது. சிக்கல் முழுவதும் இல்லாத ஒரு வாசகத்தில் இருந்தது.

எதிர்த்து எழுந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். தேர்தலில் நிற்காத திராவிடர் கழகம் பெரியார் தலைமையில் தெருவில் இறங்கியது. 1949-இல் அதிலிருந்து கசப்போடு பிரிந்துபோன திமுகவும் இந்த விஷயத்தில் அதே பக்கம் நின்றது. இருவரும் நாள்தோறும் தாக்கிவந்த காங்கிரஸுக்குள், தமிழ்நாட்டுத் தலைவராக இருந்த காமராஜர் இதே கோரிக்கையைத் தில்லியில் வலியுறுத்தினார். கடவுள், நாடு, மொழி, தில்லி ஆகிய எதிலும் இந்த இரு கழகங்களுக்கும் காங்கிரஸுக்கும் ஒத்த கருத்து கிடையாது. ஒரே மேடையில் ஏறி ஒரே கொடியைப் பிடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தெருவில் இருந்தவர்களால் கட்சிக்குள் இருந்தவர்களின் பேச்சுக்கு எடை கூடியது. கட்சிக்குள் இருந்தவர்களால் தெருவின் குரல் நாடாளுமன்றத்துக்குள் போனது. முதல் பொதுத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததும் கணக்கில் இருந்திருக்கும். 1951 ஜூனில், பின்தங்கியவர்களுக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்னும் பிரிவு 15(4) அரசமைப்பில் ஏறியது. நாடாளுமன்றம் அப்போது இடைக்கால அவை, ஒரே அவை, காங்கிரஸின் பெரும்பான்மை அபாரம். ஆகவே வாக்கு எண்ணிக்கை பிரச்சினையாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி வாசகத்துக்கு வருவோம். "சமூகரீதியாகவும் கல்விரீதியாகவும் பின்தங்கிய வகுப்புகள்", அதோடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்று அது சொல்கிறது. பொருளாதாரம் என்ற சொல்லையும் சேர்க்க அவையில் ஒரு முயற்சி நடந்து தோற்றது. அந்த ஒரு சொல் வெளியே நின்றதால்தான் 15(4) சாதியால் வந்த பின்தங்கலைப் பற்றியதாக இருந்தது, ஏழ்மையைப் பற்றியதாக ஆகவில்லை. 68 ஆண்டுகள் கழித்து, 2019-இல் 103-ஆவது திருத்தம் பொருளாதார அளவுகோலைத் தனிப் பிரிவாகக் கொண்டுவந்தது. நீண்ட போராட்டம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரு அவைகளும் நிறைவேற்றிவிட்டன. யாருடைய கோரிக்கைக்கு எத்தனை ஆண்டு பிடிக்கிறது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இன்னொரு சென்னை வழக்கு ரொமேஷ் தாப்பருடையது. பம்பாயிலிருந்து வந்த அவருடைய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழுக்குச் சென்னை அரசு தடை போட்டது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிப் பேச்சுரிமையைக் காப்பாற்றியது. அதற்குப் பதிலடியாகப் பேச்சுரிமையின் மேல் கூடுதல் கட்டுப்பாடுகளும் அதே முதல் திருத்தத்தில் ஏறின. நிலச் சீர்திருத்தச் சட்டங்களை வழக்குகளிலிருந்து காக்கும் ஏற்பாடும் ஏறியது. இடஒதுக்கீட்டுக்காகத் தெருவில் நின்றவர் எவரும் பேச்சுரிமையைக் குறுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் மசோதாவை எழுதும் பேனா இயக்கத்தின் கையில் இருப்பதில்லை. நாம் கேட்ட பிரிவு வரும் வண்டியில் வேறு யாருடைய சரக்கும் ஏறியிருக்கலாம். கூட்டியக்கங்கள் இதைப் பற்றி முன்கூட்டியே பேசி வைப்பது அபூர்வம்.

## முழக்கம் வேறு, வாசகம் வேறு

இன்றைய கோரிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். "கல்வியை மாநிலப் பட்டியலுக்குக் கொண்டு வா." நீட் தேர்வு எதிர்ப்புக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய முழக்கம்.

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன: ஒன்றியம் மட்டும் சட்டம் இயற்றக்கூடியவை, மாநிலம் மட்டும் இயற்றக்கூடியவை, இருவரும் இயற்றக்கூடியவை. மூன்றாவதுதான் பொதுப் பட்டியல். அதில் இருவரும் மோதிக்கொண்டால் பொதுவாக ஒன்றியத்தின் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். ஜல்லிக்கட்டு இந்த வழியில்தான் பிழைத்தது. நீட் விலக்குக்காகத் தமிழ்நாடு நிறைவேற்றிய மசோதாக்களுக்கு அந்த ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆகவேதான் பட்டியலையே மாற்றும் பேச்சு வலுக்கிறது. கல்வி, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இன் 42-ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது.

சரி, 1976-க்கு முன்பிருந்த நிலைக்கு அப்படியே திரும்பிவிட்டால் நீட் போய்விடுமா? அங்கேதான் முழக்கம் தடுக்கி விழுகிறது. அன்றைய மாநிலப் பட்டியலின் 11-ஆவது பதிவு கல்வியை முழுதாக மாநிலத்துக்குக் கொடுத்துவிடவில்லை. ஒன்றியப் பட்டியலின் சில பதிவுகளுக்கு உட்பட்டே கொடுத்தது. அவற்றில் ஒன்று 66-ஆவது பதிவு: உயர்கல்வி நிறுவனங்களில் தரத்தை நிர்ணயிப்பதும் ஒருங்கிணைப்பதும். மருத்துவச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வைத் 'தரம்' என்ற சொல்லுக்குள் அடக்கி வாதிட இடம் இருக்கும்வரை, பட்டியலை மட்டும் மாற்றுவது அரைக் கிணறு தாண்டுவதுதான். 66-ஆவது பதிவையும் தொட வேண்டும். அதை முழக்கமாக எழுதினால் சுவரில் அழகாக இருக்காது என்பது உண்மை. ஆனால் வேலை அங்கேதான் இருக்கிறது.

வாசகம் இப்படித் துல்லியமாகும்போது கூட்டுக்குள் கேள்விகள் முளைக்கும். கல்வி மாநிலத்தின் கைக்குப் போனால், மாநிலத்தில் ஓங்கி நிற்கும் சாதிகளின் கைக்குப் போவதாகாதா என்று ஒரு தலித் அமைப்பு கேட்கலாம். பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கிய 2006-இன் தமிழ் கற்றல் சட்டத்தால் ஏற்கெனவே சங்கடப்பட்ட தெலுங்கு, கன்னட, உருது பேசும் சிறுபான்மையினர் தங்கள் பள்ளிகளைப் பற்றிக் கேட்பார்கள். ஆசிரியர் சங்கத்துக்கு ஒன்றிய அரசின் நிதி நின்றுவிடுமோ என்ற கவலை இருக்கும். இவற்றை 'ஒற்றுமையைக் குலைக்கும் கேள்விகள்' என்று ஒதுக்குவது நம் ஊர் வழக்கம். உண்மையில் இவைதான் கூட்டைக் கட்டும் கற்கள். சிறுபான்மையினரின் கல்வி உரிமைக்குப் பிரிவு 30 இருக்கிறது, பட்டியல் மாறினாலும் அது அப்படியே நிற்கும் என்று விளக்கினாலே ஒரு கேள்வியின் காரம் குறையும். தலித் அமைப்பின் கேள்விக்கு அவ்வளவு எளிதாகப் பதில் இல்லை. அதற்கு வாசகத்திலேயே ஒரு காப்பு கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும்.

இது ஏழாவது அட்டவணையைத் தொடுவதால் 14 சட்டப்பேரவைகளின் ஒப்புதலும் தேவை. நீட் எதிர்ப்பு மற்ற மாநிலங்களில் இங்கே இருக்கும் சூட்டோடு இல்லை. அங்கே கோரிக்கை வேறு பெயரில் போக வேண்டியிருக்கும்: மாநிலப் பல்கலைக்கழகங்களின் உரிமை, துணைவேந்தர் நியமனம், பாடத்திட்டம். ஒன்றிய-மாநில உறவை ஆராய 1969-இல் தமிழ்நாடு அமைத்த ராஜமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது. 2025-இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மற்றொரு குழு அமைந்தது. அறிக்கை எழுதுவதில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. பிற மாநிலங்களின் ஆசிரியரையும் மாணவரையும் தேடிப் போய்ப் பேசுவதில்தான் பழக்கம் குறைவு.

இந்தப் பகுதியின் சாரம்: முழக்கம் ஆளைச் சேர்க்கும், வாசகம் ஆளைத் தக்கவைக்கும் அல்லது விரட்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்தால், வென்ற பிறகும் கேட்டது கிடைக்காமல் போகலாம்.

## கொடியை மடிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு 1983-இல் ஒரு புதிய அரசமைப்பைக் கொண்டுவந்தது. வெள்ளையருக்கு ஓர் அவை, கலப்பினத்தவருக்கு ஓர் அவை, இந்திய வம்சாவளியினருக்கு ஓர் அவை. பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஒன்றும் இல்லை. டர்பன் பக்கத்துத் தமிழர்களுக்கும் அதில் இடம் காத்திருந்தது. இதை எதிர்க்க அந்த ஆண்டு ஆகஸ்டில் கேப்டவுன் அருகே ஐக்கிய ஜனநாயக முன்னணி உருவானது. தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், மாணவர் அமைப்புகள், குடியிருப்பு நலச் சங்கங்கள், பெண்கள் அமைப்புகள் என்று நூற்றுக்கணக்கான அமைப்புகள் தத்தம் பெயரோடும் கொடியோடும் இணைந்தன. நேட்டால் இந்திய காங்கிரஸும் அதில் ஒன்று. பொதுக் கோரிக்கை மிகச் சிறியது: இந்த அரசமைப்பு வேண்டாம். 1984 தேர்தலில் இந்திய வம்சாவளியினரில் வாக்களித்தவர்கள் மிகக் குறைவு. தங்களுக்கென்று நீட்டப்பட்ட நாற்காலியை அவர்கள் தொடவில்லை.

'வேண்டாம்' என்று சேர்வது எளிது, 'இது வேண்டும்' என்று சேர்வது கடினம். சிலி நாடு அதற்குச் சான்று. 2019 அக்டோபரில் சாண்டியாகோவில் மெட்ரோ ரயில் கட்டண உயர்விலிருந்து வெடித்த கிளர்ச்சி, ராணுவ சர்வாதிகாரி பினோசே காலத்து அரசமைப்பை மாற்றும் கோரிக்கையாக வளர்ந்தது. 2020 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 78 சதவீதம் பேர் புதியது வேண்டும் என்றார்கள். ஆணும் பெண்ணும் சரிசமமாக, தொல்குடிகளுக்கு 17 இடங்களுடன், 155 பேர் கொண்ட அவை எழுதத் தொடங்கியது. பெண்ணியம், சுற்றுச்சூழல், தொல்குடி உரிமை, ஓய்வூதியம், குடியிருப்பு என்று ஒவ்வோர் இயக்கத்தின் கோரிக்கைக்கும் பிரிவுகள் சேர்ந்தன. வரைவு 388 பிரிவுகளாக நீண்டது. 2022 செப்டம்பரில் சுமார் 62 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள்.

காரணங்கள் பல. முதல் வாக்கெடுப்பில் விரும்பியவர்கள் மட்டும் வாக்களித்தார்கள், இரண்டாவதில் வாக்களிப்பது கட்டாயமாக இருந்தது. பொய்ப் பிரச்சாரமும் நடந்தது. ஆனால் கூட்டு கட்டுபவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். 'உன் பிரிவை நான் ஆதரிக்கிறேன், என் பிரிவை நீ ஆதரி' என்று அவைக்குள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போகலாம். வெளியே இருக்கும் வாக்காளர் கூட்டிப் பார்ப்பதில்லை. தனக்குப் பிடிக்காத ஒரு பிரிவு இருந்தால் மொத்தத்துக்கும் வேண்டாம் என்று குத்திவிடுகிறார்.

## வெட்டுப்பட்டவர்கள்

சமரசத்தில் யாராவது வெட்டுப்படுவார்கள். 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் 14 வயது வரை இலவசக் கல்வி அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை அரசமைப்பில் ஏற்றக் கல்வி இயக்கங்களும் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு இயக்கங்களும் சேர்ந்து அழுத்தம் கொடுத்தன. 2002-இல் 86-ஆவது திருத்தம் பிரிவு 21அ-வைக் கொண்டுவந்தபோது உரிமை '6 முதல் 14 வயது வரை' என்று சுருங்கியிருந்தது. ஆறு வயதுக்குக் கீழான பிள்ளைகள் அரசு 'முயல வேண்டிய' கடமைகளின் பட்டியலுக்குப் போனார்கள். அந்த வயதினருக்குச் சங்கமும் இல்லை, பேரணியும் இல்லை.

மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதா 1996-இல் முதலில் வந்தது. அதற்குள் பிற்படுத்தப்பட்ட பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டுமா என்ற கேள்வியில் பெண்கள் இயக்கமும் சமூகநீதிக் கட்சிகளும் எதிரெதிரே நின்றன. இரு தரப்பும் இயல்பாக நட்பாக வேண்டியவர்கள். 2010-இல் மாநிலங்களவை நிறைவேற்றியும் மக்களவையில் நகரவில்லை. 2023-இல் 106-ஆவது திருத்தமாக நிறைவேறிய வடிவத்தில் அந்த உள் ஒதுக்கீடு இல்லை. போதாக்குறைக்கு, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிந்தைய தொகுதி மறுவரையறை முடிந்த பிறகே அமலுக்கு வரும் என்ற வரி ஏறியது. மறுவரையறையால் மக்களவையில் தன் பங்கு குறையும் என்று அஞ்சும் தமிழ்நாட்டில் இது விநோதமான நிலையை உண்டாக்கியது. பெண்கள் ஒதுக்கீட்டை ஆதரிப்பவரே அதற்குப் பூட்டப்பட்ட மறுவரையறையை எதிர்க்க வேண்டியிருந்தது. நட்பாக இருக்கக்கூடிய இரண்டு கோரிக்கைகளை ஒரே வாக்கியத்தில் கட்டி மோதவிடுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அப்படித் திட்டமிட்டுத்தான் எழுதினார்களா என்பதில் எனக்குக் கருத்து உண்டு, ஆதாரம் இல்லை.

## வென்ற பிறகும் வழக்கு உண்டு

1992-இல் இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் இடஒதுக்கீட்டுக்கு 50 சதவீதம் என்ற வரம்பைப் போட்டார்கள். தமிழ்நாட்டில் இருந்ததோ 69: பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. 1993 இறுதியில் சட்டப்பேரவை இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. எல்லாக் கட்சிகளும் அதற்காகத் தில்லியை நெருக்கின. 1994-இல் 76-ஆவது திருத்தம் அதை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. இந்த அட்டவணையில் உள்ள சட்டங்களை அடிப்படை உரிமை மீறல் என்று சொல்லி நீதிமன்றம் நீக்க முடியாது என்பதுதான் அதன் பயன். நிலச் சீர்திருத்தத்துக்காக 1951-இன் முதல் திருத்தத்தோடு வந்த அதே ஏற்பாடு இது. அன்று பக்கத்தில் ஏறிவந்த வேறொருவர் சரக்கு, 43 ஆண்டுகள் கழித்து இடஒதுக்கீட்டுக்காரர்களுக்கே உதவியது.

அந்தக் காப்பும் முழுக் காப்பு இல்லை. கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பு என்ற அளவுகோலால் சோதிக்கலாம் என்று 2007-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2010-இல் 69 சதவீத வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவிடத்தக்க புள்ளிவிவரங்களைத் திரட்டச் சொன்னது. எந்தச் சாதியில் எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு. பேரணிக்கு ஆள் திரட்டியவர்களால் இதைச் செய்ய முடியாது. கணக்கெடுப்பு தெரிந்தவர்களும் பழைய அரசாணைகளைத் தோண்டி எடுப்பவர்களும் தேவை. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அடுத்த விசாரணைத் தேதியை நினைவில் வைத்திருக்க ஓர் அலுவலகம் தேவை. அந்த அலுவலகத்தின் வாடகையை எந்த அமைப்பு கொடுப்பது என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடிக்கும் கூட்டியக்கங்கள் மிகவும் குறைவு.